பினாங்குல கலைப் படிப்பு தொடங்கறதுக்கு முன்னாடி வேலைக் கணக்கு போடுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் மொத மொத எழுதுன பேப்பர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுல பண்ணுன தப்பத்தான் இன்னும் நெறைய பேரு பண்ணிக்கிட்டு இருக்காங்க. மலேசியாவுல பினாங்கு மாநிலத்துல ஒரு தனியார் காலேஜ், இசையும் மேடைக்கலையும் சேந்த டிப்ளோமா கொண்டு வரலாம்னு பேச்சு, "மார்க்கெட்ல வேலை இருக்கானு நீ பாத்து எழுது"னு என் தலையில கட்டிட்டாங்க. நானும் புள்ளிவிவரத் துறை அட்டவணைய தோண்டி, "கலை, பொழுதுபோக்கு, கேளிக்கை"னு ஒரு வரி இருந்துச்சு, ஆள் கணக்கும் பாக்க நல்லா இருந்துச்சு, அப்படியே தூக்கி கலர் கிராஃப் போட்டுட்டேன். உள் கமிட்டில ஒரு மூத்த மேடம், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்தவங்க, கண்ணாடிய கழட்டி வச்சுட்டு கேட்டாங்க: "தம்பி, இதுல நாலு நம்பர் கடை கிராணியும் சேத்தியா?"

சேத்திருந்தேன். எனக்கே தெரியாம. (நாலு நம்பர் கடைனா லாட்டரி நம்பர் விக்கற கடை, கிராணினா கிளார்க்.)

அதுக்கப்புறம் இதே மாதிரி பேப்பர் பல தடவ எழுதியாச்சு, பினாங்குக்கும் கேஎல்லுக்கும் (கோலாலம்பூர்). இப்ப நான் எப்படி பண்றேனோ அதத்தான் இங்க எழுதறேன். காலேஜ்ல புரோகிராம் பாக்கறவங்க, லெக்சரர்ஸ், இன்டேக் நம்பர், அதாவது ஒரு தடவைக்கு எத்தன பேர சேக்கறதுனு, முடிவு பண்றவங்களுக்கு. பிள்ளைய கலை படிக்க விடலாமானு யோசிக்கிற அப்பா அம்மாவும் படிக்கலாம், ஆனா நடுவுல கொஞ்சம் வறட்சியா இருக்கும், பொறுத்துக்கோங்க.

1. எந்த ஊரு, எந்த வருஷம்: இத மொதல்ல முடிவு பண்ணுங்க

இன்னைக்கு பேப்பர் எழுத ஆரம்பிச்சா எம்க்யூஏ (படிப்புக்கு தரச் சான்று குடுக்கற அரசு அமைப்பு) தற்காலிக அங்கீகாரம், உயர்கல்வி அமைச்சு அனுமதி, விளம்பரம், மொத இன்டேக், அப்புறம் டிப்ளோமா ரெண்டு ரெண்டரை வருஷம். மொத பேட்ச் கையில சர்டிபிகேட் வாங்க நாலு வருஷம் ஆயிடும். அப்ப நீங்க கணிக்க வேண்டியது இன்னைக்கு வேலை இருக்கானு இல்ல, நாலாவது வருஷத்துல இருந்து எட்டாவது வருஷம் வரைக்கும் இருக்குமானு. "இப்ப டிமாண்ட் பயங்கரமா இருக்கு"னு ஆரம்பிக்கிற பேப்பர் எல்லாம் இதுலயே அடிபட்டுடும்.

அடுத்தது ஊரு. பினாங்குனு மாநில எல்லைய வச்சு கோடு போட்டா தப்பு. தீவுல இருக்கற காலேஜுக்கு பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் மட்டும் இல்ல, கெடாவுல சுங்கைப்பட்டாணி, கூலிம்ல இருந்தும் பிள்ளைங்க வரும், படிச்சு முடிச்சு திரும்பி அங்கயே போயி டான்ஸ் கிளாஸ் வைக்கும். கேஎல் பக்கம் இன்னும் மோசம். கூட்டரசுப் பிரதேசம்னு டேட்டா எடுத்தீங்கனா அங்காசாபுரி ஆர்டிஎம் (அரசு டிவி, ரேடியோ) வரும், புக்கிட் ஜாலில்ல இருக்கற ஆஸ்ட்ரோ டிவி வரும், ஆனா ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, சைபர்ஜெயாவுல இருக்கற அனிமேஷன் ஸ்டூடியோ எல்லாம் சிலாங்கூர் கணக்குல போயிடும். உப்பின் இப்பின் கார்ட்டூன் செய்யிற லெஸ் கோப்பாக்கே கம்பெனி சிலாங்கூர்லதான் இருக்கு. அதனால கேஎல்னா கேஎல், சிலாங்கூர், புத்ராஜெயா மூணையும் சேத்து எடுங்க.

பினாங்குக்கு ரெண்டு வட்டம் போடணும். ஒண்ணு உள்வட்டம், வீட்டுல இருந்து போயி வேலை செய்யற தூரம். இன்னொண்ணு வெளிவட்டம், கேஎல். இங்க படிக்கிற அனிமேஷன் பையன் வேலைக்கு எங்க போவான்னு நமக்கே தெரியும். சோனி பிளேஸ்டேஷன் ஸ்டூடியோ 2020ல திறந்தது கேஎல்லதான், லாரியன் மாதிரி வெளிநாட்டு கேம் கம்பெனியும் அங்கதான். அப்ப அனிமேஷனுக்கு வெளிவட்டம் முக்கியம், மேடை ஒலிஒளிக்கு உள்வட்டம் முக்கியம். எல்லா படிப்புக்கும் ஒரே வட்டம் போடாதீங்க.

2. படிப்புல இருந்து வேலைக்கு பாலம் கட்டறது

படிப்புக்கு ஒரு கோட் இருக்கு, வேலைக்கு ஒரு கோட் இருக்கு, கம்பெனிக்கு ஒரு கோட் இருக்கு. மூணும் ஒண்ணோட ஒண்ணு தானா ஒட்டாது, நீங்கதான் ஒட்டணும்.

படிப்புக் கோட் சர்வதேச முறைல இருந்து வந்தது: 0211 ஆடியோ விஷுவல், 0212 ஃபேஷன், இன்டீரியர் மாதிரி டிசைன், 0213 ஃபைன் ஆர்ட்ஸ், 0214 கைவினை, 0215 இசையும் மேடைக்கலையும். வேலைக் கோட் நம்ம நாட்டுல மாஸ்கோ, ரஷ்யா தலைநகரம் இல்ல, மலேசியத் தொழில் வகைப்பாடு, இப்ப இருக்கறது 2020 பதிப்பு. அது சர்வதேச இஸ்கோ-08 முறையத் தழுவினது, கடைசி இலக்கங்கள் அங்கங்க வேற மாதிரி இருக்கலாம், அதனால கோட் எழுதும்போது மாஸ்கோ புத்தகத்த ஒரு தடவ திறந்து பாத்துடுங்க. நான் கீழ சொல்றது இஸ்கோ-08 நம்பர்.

இசை மேடைக்கலை டிப்ளோமானா எல்லாரும் எழுதறது 2652 இசைக்கலைஞர், 2653 நடனக்கலைஞர், 2655 நடிகர், 2654 இயக்குநர், தயாரிப்பாளர். நிறுத்திடுவாங்க. ஆனா நம்ம ஊர்ல பரதம் கத்துக்கிட்ட பொண்ணு மாசம் முழுக்க எதுல சம்பாதிக்கிறா? கிளாஸ் எடுத்துதான். கீபோர்டு வாசிக்கிற பையன்? வீடு வீடா போயி சொல்லிக் குடுத்துதான். அந்த வேலையெல்லாம் 2354, 2355னு இசை ஆசிரியர், பிற கலை ஆசிரியர்னு ஆசிரியர் கூட்டத்துக்குள்ள உக்காந்திருக்கு. கலை வரிசைல தேடுனா கிடைக்கவே கிடைக்காது. ஒலிஒளி ஆளு 3521ல ஒலிபரப்பு, ஆடியோ விஷுவல் டெக்னீஷியனா இருக்காரு. கிராஃபிக் டிசைனர் 2166ல கட்டடக்கலைஞர்களுக்கு பக்கத்துல. போட்டோகிராஃபர் 3431. மியூசியம் கேலரி டெக்னீஷியன் 3433, கியூரேட்டரும் ஆவணக் காப்பாளரும் 2621.

ஒரு படிப்புக்கு பத்துப் பன்னண்டு கோட் வரும். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு எடை போடுங்க: நம்ம பிள்ளைங்க நூறு பேருல எத்தன பேரு இங்க போவாங்க? பழைய மாணவங்க பட்டியல் இருந்தா அதுல இருந்து எடுங்க. இல்லனா இதே மாதிரி படிப்பு முடிச்ச இருபது பேருக்கு போன் அடிங்க, ஒரு சனிக்கிழம போதும்.

3. கம்பெனிப் பக்கம்: நாலு நம்பர் கடைய வெளிய எடுக்கறது

இப்ப அந்த மேடம் கேட்ட கேள்விக்கு வர்றேன். தொழில்துறை வகைப்பாட்டுல, அதாவது எம்எஸ்ஐசி 2008ல, ஆர் பிரிவுதான் கலை, பொழுதுபோக்கு, கேளிக்கை. அதுக்குள்ள நாலு அறை. 90 படைப்புக் கலை, 91 நூலகம், ஆவணக் காப்பகம், மியூசியம், 92 சூதாட்டமும் பந்தயமும், 93 விளையாட்டு, ஜிம், கேளிக்கை. நமக்கு வேணும்னா 90ம் 91ம்தான். 92ல நாலு நம்பர் கடை, 93ல ஜிம், கோல்ஃப் கிளப், தீம் பார்க். கெந்திங் கசினோ பஹாங்ல இருக்கறதால பஹாங் மாநிலத்துக்கு ஆர் பிரிவ மட்டும் பாத்தா அங்க ஏதோ கலை வெள்ளமா ஓடுதுனு தோணும்.

மாநில அளவுல வெளியிடற அட்டவணைல பெரும்பாலும் இந்த அறைங்கள பிரிச்சுக் காட்ட மாட்டாங்க, சில சமயம் ஆர் பிரிவையே மத்த சேவைகளோட சேத்துக் கட்டிடுவாங்க. பிரிச்ச டேட்டா வேணும்னா புள்ளிவிவரத் துறைக்கு எழுதிக் கேக்கணும். சும்மா டவுன்லோட் பண்ணி வேலைய முடிக்கிற ஆளுங்கதான் மாட்டிக்கிறாங்க, நான் மாட்டுன மாதிரி.

இதுக்கு வெளிய இருக்கற அறைங்களயும் மறக்காதீங்க: 59 சினிமா, வீடியோ, ஒலிப்பதிவு, 60 ஒலிபரப்பு ரெண்டும் ஜே பிரிவுல. 74ல டிசைனும் போட்டோகிராஃபியும். கல்விப் பிரிவுக்குள்ள டான்ஸ் மியூசிக் கிளாஸ்.

இன்னொரு கூட்டம் இருக்கு, அதுதான் பினாங்குக்கு ரொம்ப முக்கியம். பாயான் லெப்பாஸ்ல 1972ல இருந்து ஃபேக்டரிங்க. அங்க உள்ள ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனில டிரெயினிங் வீடியோ எடுக்கற பையன், பேக்கேஜிங் டிசைன் பண்ற பொண்ணு, இவங்க எந்த கலைப் பிரிவுலயும் வர மாட்டாங்க, உற்பத்திப் பிரிவுல வருவாங்க. அதனால கணக்கு மூணா பிரியும்: கலைக் கம்பெனில கலை வேலை, கலைக் கம்பெனில கணக்கு, டிக்கெட் மாதிரி வேற வேலை, வேற கம்பெனில கலை வேலை. டிசைன் படிப்புக்கு மூணாவது கூட்டம்தான் சோறு போடும். மேடைக்கலைக்கு அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட இல்லனே சொல்லலாம், ஹோட்டல தவிர.

4. இன்னைக்கு எத்தன பேரு இருக்காங்க

ரெண்டு வகை டேட்டா இருக்கு, கலக்கக் கூடாது. தொழிலாளர் சக்தி ஆய்வு வீட்டுக்கு வீடு போயி கேக்கறது, சொந்தமா தொழில் செய்யறவங்களும் அதுல வருவாங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்ற வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் கம்பெனிங்க கிட்ட கேக்கறது, நிரம்புன இடம், காலி இடம் எல்லாம் இருக்கும், ஆனா ஃப்ரீலான்ஸ் ஆளு அதுல இல்லவே இல்ல. கலைத்துறைல பாதி உலகமே ஃப்ரீலான்ஸ், அப்ப ரெண்டாவத வச்சு மட்டும் கணக்கு போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

மொதலாவதுலயும் ஒரு கண்ணி இருக்கு. அந்த வாரத்துல ஒரு மணி நேரம் வேலை செஞ்சிருந்தாலே அவரு வேலைல இருக்கறவர்தான். ஞாயித்துக்கிழம ஒரு கிளாஸ் எடுத்த வீணை டீச்சரும், வாரம் அறுவது மணி நேரம் எடிட்டிங் ரூம்ல கெடக்கற பையனும் ஒரே 1. அதனால குறை நேர வேலைக் கணக்கையும் சேத்துப் பாருங்க, வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் கீழ செஞ்சு, இன்னும் செய்யத் தயாரா இருக்கறவங்க. அவங்க அதிகமா இருக்கற துறைக்கு புதுசா நாப்பது பேர அனுப்பறது பாவம்.

ஒரு மாநிலம், ஒரு நாலு இலக்க வேலைக் கோட்னு போனா சாம்பிள் ரொம்பச் சின்னதாயிடும், ஒரு வருஷம் 150ங்கும் மறு வருஷம் 400ங்கும், ரெண்டுமே சும்மா ஆட்டம். மூணு வருஷத்த சேத்து சராசரி எடுங்க, இல்லனா மூணு இலக்கத்தோட நிறுத்துங்க.

அப்புறம் ஊரோட செறிவு பாக்கறது. நம்ம ஊர்ல ஆயிரம் வேலைக்கு அந்த வேலை எத்தன, நாடு முழுக்க ஆயிரத்துக்கு எத்தன, மொதல ரெண்டாவதால வகுங்க. உதாரணத்துக்கு மட்டும் சொல்றேன், இங்க ஆயிரத்துக்கு 6, நாட்டுல ஆயிரத்துக்கு 4னா 1.5. ஒண்ணுக்கு மேல இருந்தா ஊருக்கு அதுல ஏதோ தனி பலம். ஆனா இத வச்சு ஆடாதீங்க. ஒண்ணுக்குக் கீழ இருந்தா "வாய்ப்பு இருக்கு"னு சிலர் எழுதுவாங்க, ஒண்ணுக்கு மேல இருந்தாலும் "வாய்ப்பு இருக்கு"னு எழுதுவாங்க. எப்படிப் போட்டாலும் ஜெயிக்கிற தாயம் உலகத்துல கிடையாது.

5. வளர்ச்சிய விட விலகல்தான் பெருசு

எல்லாரும் வளர்ச்சி சதவீதம் தேடுவாங்க. நான் மொதல்ல தேடறது விலகல்: யாரு ரிட்டயர் ஆவாங்க, யாரு தொழில மாத்திக்கிட்டு போவாங்க. கற்பனை நம்பர்ல ஒரு கணக்கு. உள்வட்டத்துல மேடை ஒலிஒளி ஆளுங்க 240 பேருனு வைங்க. வருஷம் 2 சதவீதம் வளர்ச்சினா புதுசா 5 இடம். வருஷம் 7 சதவீதம் விலகல்னா 17 இடம். மொத்தம் 22. வளர்ச்சி பூஜ்ஜியமா இருந்தாலும் 17 இடம் இருக்கு, அதத்தான் யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

இப்ப 22ல கழிங்க. பாதி இடத்துக்கு வேற வேலைல இருந்து அனுபவத்தோட வர்றவங்களும், சர்டிபிகேட் இல்லாம மேடைலயே கத்துக்கிட்டவங்களும் போயிடுவாங்க, மிச்சம் 11. மத்த காலேஜ் பிள்ளைங்க 6, மிச்சம் 5. இசை, மேடைக்கலைக்கு பினாங்குலயே யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தோட கலைப்பள்ளி இருக்கு, தஞ்சோங் மாலிம்ல உப்சி பல்கலைக்கழகம், கேஎல்ல 1994ல தொடங்கி இப்ப அஸ்வாரானு பேர் மாத்துன அகாடமி, ஷா ஆலம்ல யூஐடிஎம் பல்கலைக்கழகம். காலேஜே இல்லாத போட்டியும் இருக்கு, டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981ல இருந்து பிள்ளைங்கள உருவாக்கிக்கிட்டு இருக்கு, அங்க பத்து வருஷம் ஆடுன பொண்ணுக்கு முன்னாடி நம்ம டிப்ளோமா நிக்கணும்.

அஞ்சு இடத்துக்கு நாப்பது பேரு இன்டேக் கேட்டா யாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. அதுக்காக படிப்ப விட வேண்டியதில்ல, பாலத்த அகலப்படுத்தணும், இல்லனா பன்னண்டு பேருனு சின்னதா தொடங்கணும், இல்லனா வேற படிப்போட சேத்து ஒரு பிரிவா வைக்கணும்.

இதுல நம்ம ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கணக்கு இருக்கு. கும்பாபிஷேகம். பன்னண்டு வருஷத்துக்கு ஒருக்கா திருப்பணி, அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு வருஷம் சுதை வேலை, வண்ணம், அப்புறம் மேளம், வீடியோ, பந்தல், மலர். உங்க வட்டத்துல இருக்கற பெரிய கோவில்ங்களோட பட்டியல் போட்டு, கடைசி கும்பாபிஷேகம் எந்த வருஷம்னு கல்வெட்டுலயே இருக்கும், அத எழுதி பன்னண்டு கூட்டுங்க. எந்த வருஷத்துல கூட்டமா விழுது, எந்த வருஷம் காலியா கெடக்குதுனு தெரிஞ்சிடும். நான் தெரிஞ்சு எந்த அரசாங்க போர்ட்டல்லயும் இந்த டேட்டா கிடையாது, கோவில் கிராணிகிட்டதான் இருக்கு.

ஆனா ஒண்ணு. அந்த வேலைல பெரும்பகுதிக்கு சிற்பிங்களும் நாதஸ்வர தவில் வித்வான்களும் தமிழ்நாட்டுல இருந்து பெர்மிட்டுல வர்றாங்க. டிமாண்ட் உண்மை, ஆனா அது நம்ம டிப்ளோமாவுக்கான டிமாண்ட் இல்ல, ரெண்டு வருஷத்துல தவில் வித்வான் ஆக முடியாது. அதுல நமக்குக் கிடைக்கறது ஓரத்துல இருக்கற வேலைங்க: ஆவணப்படுத்தறது, ஒலி, ஒளி, வண்ணப் பராமரிப்பு. அத மட்டும் எண்ணுங்க.

6. யாரு காசு குடுக்கறாங்க

என்னக் கேட்டா பேப்பரோட உசுரே இந்தப் படிதான். கலைத்துறைல "காலி இடம்"ங்கற வார்த்தைக்கே பெருசா அர்த்தம் இல்ல. வேலை விளம்பரம் போட்டு கித்தார் வாசிக்க ஆள் எடுக்க மாட்டாங்க, வாட்சாப்புல "சனிக்கிழம ஃப்ரீயா?"னு வரும். அதனால ஆள எண்ணாதீங்க, காச எண்ணுங்க: இந்த வட்டத்துல வருஷத்துக்கு இந்த வேலைக்கு எவ்ளோ நாள் கூலி குடுக்கப்படுது, அந்த நாள்ங்க எத்தன பேருக்கு முழு வருஷச் சோறு ஆகும்.

குடுக்கறவங்க பட்டியல் போடுங்க. ஹோட்டல், கல்யாண மண்டபம், கோவில் கமிட்டி, ஸ்கூல், ஈவெண்ட் கம்பெனி, சிட்டி கவுன்சில், ஸ்ட்ரெய்ட்ஸ் கீல இருக்கற பினாங்பேக் அரங்கு, ஹின் பஸ் டிப்போ மாதிரி இடங்க. இருபத்தஞ்சு முப்பது பேரு போதும். அவங்கள நேர்ல பாத்துக் கேக்கணும், கூகுள் ஃபார்ம் அனுப்பாதீங்க, யாரும் நிரப்ப மாட்டாங்க, நிரப்பறவங்க உங்க சொந்தக்காரங்களாத்தான் இருப்பாங்க.

எப்படிக் கேக்கறதுங்கறது ஒரு கலை. "பட்டதாரி ஆளு தேவையா?"னு கேட்டா எல்லாரும் தேவைம்பாங்க, மரியாதைக்கு. நான் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பிஏ சிஸ்டம் வாடகைக்கு விடற அண்ணன்கிட்ட போனேன், கடைக்குள்ள ஸ்பீக்கர் பொட்டி மேல பொட்டி, நடுவுல ஒரு ஸ்டூல், அதுல உக்காந்து ஒயர சுத்திக்கிட்டே பேசுனாரு.

"அண்ணே, ஆளு வேணுமா உங்களுக்கு?"

"எப்பவும் வேணும் தம்பி."

"போன பன்னண்டு மாசத்துல புதுசா எத்தன பேர எடுத்தீங்க?"

ஒயர் சுத்துன கை நின்னுச்சு. "ஒருத்தனையும் எடுக்கல. என் அக்கா மவன் ரெண்டு பேரு இருக்கானுங்க, அவனுங்கதான்."

"ஆள் இல்லாம விட்ட வேலை ஏதாச்சும்?"

"அது இருக்கு. சீனவங்க பேய் மாசத்துல அஞ்சாறு மேடை விட்டுட்டேன். டிஜிட்டல் மிக்ஸர் தெரிஞ்ச பையன் இல்ல, இவனுங்களுக்கு பழைய மிக்ஸர்தான் தெரியும்."

பாருங்க, மொத பதில் "எப்பவும் வேணும்", மூணாவது பதில்லதான் உண்மை. கேள்வி மூணே மூணு: போன வருஷம் யார எடுத்தீங்க, நாளுக்கு எவ்ளோ குடுத்தீங்க, ஆள் கிடைக்காம எந்த வேலைய விட்டீங்க. அடுத்த வருஷம் என்ன பண்ணப் போறீங்கனு கேக்காதீங்க, அது ஆசை, டேட்டா இல்ல.

அந்த ஒயர் அண்ணன் சொன்னதுல இன்னொரு பெரிய விஷயம் ஒளிஞ்சிருந்துச்சு, வீட்டுக்கு வந்துதான் புரிஞ்சுச்சு. நம்ம பக்கம் ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, மார்கழியும் கிடையாது. கல்யாண போட்டோகிராஃபர், மேக்கப், மணவறை டெக்கரேஷன், மேளம் எல்லாம் அப்ப காய்ஞ்சு கெடக்கும். ஆனா ஆடி முடியற நேரத்துல, சுமாரா ஆகஸ்ட்ல, பினாங்கு சீனவங்களுக்கு பேய் மாசம், தெருவுக்குத் தெரு மேடை, நாடகம், கோத்தாய் பாட்டுக் கச்சேரி, ஒலிஒளி ஆளுங்களுக்கு தூக்கமே இருக்காது. 2010ல ஆரம்பிச்ச ஜார்ஜ் டவுன் திருவிழாவும் ஏறக்குறைய அதே சமயத்துலதான் வரும். ஒரு சமூகத்தோட மேடை மட்டும் தெரிஞ்ச பையனுக்கு வருஷத்துல ரெண்டு மூணு மாசம் பட்டினி, நாலு சமூகத்து மேடையும் தெரிஞ்சவனுக்கு அந்தக் குழி பாதி நிரம்பிடும். ரமலான் மாசத்துல மலாய்க்காரங்க ஈவெண்ட் குறையும், அடுத்து ராயா (நோன்புப் பெருநாள்) வந்ததும் ஓப்பன் ஹவுஸ் நெறையும். சீனப் பெருநாளுக்கு சிங்க நடனம். பன்னண்டு மாசத்துக்கும் ஒரு கட்டம் வரைஞ்சு, குடுக்கறவங்க ஒவ்வொருத்தரோட நாளையும் போட்டு நிரப்புங்க, அந்த ஒரு பக்கம் எந்தக் கிராஃபையும் விட பேசும்.

கடைசியா கூலி சோதனை. குறைஞ்சபட்ச சம்பளம் 2025 பிப்ரவரில இருந்து மாசம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஒரு மேடைக்கு 250 வெள்ளினு வச்சா, அந்த 1,700 தொட மாசம் ஏழு மேடை வேணும், ஈபிஎஃப் (சேமநிதி) இல்லாம, பெட்ரோல் கழிக்காம. உங்க கட்டத்துல இருக்கற மொத்த நாள்ங்கள வருஷத்துக்கு 84ஆல வகுத்தா, இந்த ஊரு எத்தன பேருக்கு அடிமட்டச் சம்பளமாச்சும் குடுக்கும்னு வரும். அந்த நம்பரத்தான் நான் டிமாண்ட்னு எழுதறேன். ஃப்ரீலான்ஸ் கலைஞருக்கு சொக்சோவோட (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சுயதொழில் திட்டம் இருக்கு, 2017 சட்டத்துக்குக் கீழ, அத பேப்பர்ல ஒரு வரி போடுங்க, பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க.

7. வேலை விளம்பரம், பட்டதாரி ஆய்வு: தாண்டிப் போங்க, ஆனா பாத்துட்டுப் போங்க

மைஃபியூச்சர்ஜாப்ஸ், ஜாப்ஸ்ட்ரீட் ரெண்டுலயும் மலாய்லயும் தேடுங்க, "ஜூருத்தெக்னிக் ஆடியோ விஷுவல்", "பெனோலோங் குராத்தோர்"னு. ஒரே விளம்பரத்த நாலு தடவ போடுவாங்க, எண்ணும்போது ஒண்ணா ஆக்குங்க. டிசைன், எடிட்டிங் வேலைக்கு இது உதவும், எந்த சாஃப்ட்வேர் கேக்கறாங்கனாச்சும் தெரியும். மேடைக்கலைக்கு சுத்தமா உதவாது.

உயர்கல்வி அமைச்சோட பட்டதாரி கண்காணிப்பு ஆய்வ பட்டமளிப்பு சமயத்துல நிரப்புவாங்க, அதாவது படிப்பு முடிஞ்ச சூட்டோட. கலைல ஆளு நிலைக்கு வர்றதுக்கு மூணு நாலு வருஷம் ஆகும், அதனால அது பாதிக் கதைதான். "வேலைல இருக்காரு"னு இருந்தா என்ன வேலைனு ஒரு தடவ கேளுங்க. நடனம் படிச்சுட்டு மால்ல கேஷியரா இருக்கற பொண்ணும் அதுல வேலைல இருக்கறவதான்.

8. அதிர்ச்சியும் போக்கும் வேற வேற

ஜார்ஜ் டவுன எடுத்துக்கோங்க. பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000ல போச்சு, நெறைய கடைவீடு காலியாச்சு. 2008 ஜூலை 7 யுனெஸ்கோ பட்டியல்ல மலாக்காவோட சேத்து ஏறுச்சு. 2012ல திருவிழாவுக்காக எர்னெஸ்ட் ஸகாரெவிச் ஆர்மீனியன் தெருவுல சைக்கிள் பிள்ளைங்கள வரைஞ்சாரு. அதுக்கப்புறம் எல்லா ஊருக்கும் சுவர் ஓவியப் பித்துப் பிடிச்சுச்சு. அந்த ரெண்டு மூணு வருஷத்து டேட்டாவ வச்சு கோடு இழுத்தா இன்னைக்கு பினாங்குல சுவரே மிச்சம் இருந்திருக்காது. ஆனா அதே 2008 கொண்டு வந்த கடைவீடு பராமரிப்பு, சுண்ணாம்புப் பூச்சு, மர வேலை, கேலரி, வழிகாட்டி வேலை எல்லாம் மெதுவா, வருஷா வருஷம் நடக்குது. மொதலாவது அதிர்ச்சி, ரெண்டாவது போக்கு. படிப்ப போக்கு மேல கட்டணும்.

கோவிட் அடுத்த பள்ளம். 2020 மார்ச் 18ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சு, மேடையெல்லாம் அப்படியே படுத்துடுச்சு. 2020ம் 2021ம் கோட்டுல சேக்காதீங்க. முக்கியமா 2021ல ஆரம்பிச்சு வளர்ச்சி கணக்கு போடாதீங்க, படுத்தவன் எந்திரிச்சு உக்காந்தத வளர்ச்சினு காட்டற வேலை அது. 2019ல இருந்து பாருங்க.

மூணு கதை எழுதணும்: நல்ல காலம், நடுவாந்தரம், கெட்ட காலம். ஒவ்வொண்ணுக்கும் காரணம் பேர் சொல்லி இருக்கணும். ஃபினாஸ் (அரசோட திரைப்பட வளர்ச்சி அமைப்பு) குடுக்கற ஃபிமி திட்டத்துல மலேசியாவுல எடுக்கற படத்துக்கு செலவுல 30 சதவீதம் திரும்பக் கிடைக்கும், 2013ல இருந்து இருக்கு. அது நின்னா சிலாங்கூர்ல கேமராக் குழு வேலை என்ன ஆகும்? ஏஐ வந்து சாதாரண போஸ்டர், பேனர் டிசைன் வேலைய எவ்ளோ தின்னும்? இந்த ரெண்டாவது கேள்விக்கு நான் டிசைன் படிப்பு பேப்பர்ல கெட்ட காலக் கதைய நடுவாந்தரமாவே போடறேன். லெக்சரர்ஸ் கோவிச்சுக்கறாங்க, பரவால்ல.

9. பேப்பர், இன்டேக் நம்பர்

எம்க்யூஏ ஆவணத்துல இந்தப் படிப்பு ஏன் வேணும்னு நியாயம் காட்டணும், அதுக்கு மேல சொன்னதெல்லாம் சுருக்கமா ஆறேழு பக்கம் போதும். ஒரே ஒரு நம்பர் போடாதீங்க, எல்லை போடுங்க: வருஷத்துக்கு 8ல இருந்து 14 வரைக்கும்னு. இன்டேக்க நடுவாந்தரக் கணக்குல வைங்க, நல்ல காலக் கணக்குல வச்சா மார்க்கெட்டிங் ஆளுங்களுக்கு சந்தோஷம், மூணு வருஷம் கழிச்சு பெத்தவங்க உங்க ஆபீஸ் வாசல்ல.

எப்ப இன்டேக்க குறைக்கணும்ங்கறதையும் இப்பவே எழுதிடுங்க. உதாரணமா, காசு குடுக்கற அந்த முப்பது பேரோட மொத்த நாள் ரெண்டு வருஷம் தொடர்ந்து குறைஞ்சா இன்டேக் பாதி. பின்னாடி எழுதலாம்னு விட்டா யாரும் எழுத மாட்டாங்க.

அப்புறம் அந்த முப்பது பேர விட்டுடாதீங்க, தைப்பூசம் முடிஞ்சு மூச்சு விடற நேரத்துல வருஷத்துக்கு ஒரு தடவ போன் அடிச்சு அதே மூணு கேள்வி. நான் எக்செல்ல ஒருத்தருக்கு ஒரு வரினு வச்சிருக்கேன். அந்த பிஏ சிஸ்டம் அண்ணன் வரில போன வருஷம் ரெண்டாவது கேள்விக்கு எதிர்ல மொத தடவையா ஒரு நம்பர் விழுந்துச்சு: நாளுக்கு 220, பையன் டிஜிட்டல் மிக்ஸர் தெரிஞ்சவன், நம்ம காலேஜ் இல்ல, சுங்கைப்பட்டாணில சர்ச் பேண்டுல கத்துக்கிட்டவனாம்.